தங்கக் கடத்தல் சந்தேகமும் காஃபிபோசா காவலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான நிலையத்திலோ மண்டபம் கடற்கரையிலோ தங்கத்தோடு பிடிபட்டவர் மீது சுங்க வழக்கு மட்டும் இருந்தால், குடும்பத்துக்கு என்ன செய்வது என்று ஓரளவு தெரியும். அதன் மேல் ‘காஃபிபோசா’ என்ற தடுப்புக்காவல் ஆணையும் வந்துவிட்டால் பலருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அந்த ஆணையை எதிர்ப்பது பற்றி வீட்டாரும் இளம் வழக்கறிஞர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஜாமீன் கிடைத்துவிட்டதே, பிறகும் ஏன் சிறையிலேயே வைத்திருக்கிறார்கள்?

அவர் மீது இப்போது இரண்டு தனித்தனி நடவடிக்கைகள் ஓடுகின்றன. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் போட்ட வழக்கு, நடந்து முடிந்த குற்றத்துக்கானது. அதற்கு ஜாமீன் உண்டு, விசாரணை உண்டு, தீர்ப்பு உண்டு. காஃபிபோசா எனப்படும் 1974-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிப் பாதுகாப்பு மற்றும் கடத்தல் தடுப்புச் சட்டம் இனி நடக்கப்போவதைத் தடுக்க வந்தது. அதில் குற்றப்பத்திரிகை கிடையாது, சாட்சி விசாரணை கிடையாது, ஜாமீன் என்ற பேச்சே கிடையாது. ஒரு அதிகாரி தாளைப் படித்து, “இவரை வெளியே விட்டால் மறுபடி கடத்துவார்” என்று திருப்தி அடைந்தால் ஓராண்டு உள்ளே வைக்கலாம்.

2025 மார்ச்சில் பெங்களூரு விமான நிலையத்தில் 14.2 கிலோ தங்கத்தோடு பிடிபட்டதாகச் சொல்லப்பட்ட நடிகையின் வழக்கில் இதுதான் நடந்தது. மே மாதம் சுங்க வழக்கில் ஜாமீன் கிடைத்தது. ஏப்ரலிலேயே காஃபிபோசா ஆணை வந்துவிட்டதால் கதவு திறக்கவில்லை.

இந்த ஆணையை யார் போடலாம்?

மத்திய அரசு, மாநில அரசு, அல்லது இதற்கென்று தனியாக அதிகாரம் பெற்ற அதிகாரி. அந்த அதிகாரி மத்திய அரசில் இணைச் செயலாளர் நிலைக்கும், மாநில அரசில் செயலாளர் நிலைக்கும் குறையாதவராக இருக்க வேண்டும். வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமோ (டி.ஆர்.ஐ.) சுங்கத்துறையோ ஆணை போடுவதில்லை. அவர்கள் கோப்பைத் தயாரித்து முன்மொழிபவர்கள் மட்டுமே. கோப்பை முன்மொழிபவர் வேறு, ஆணை போடுபவர் வேறு என்பதை மறக்காதீர்கள். “முன்மொழிந்தவர் கையில் இருந்த தாள் ஆணை போட்டவர் மேசைக்குப் போனதா?” என்ற கேள்வியில் நின்று விழுந்த ஆணைகள் உண்டு.

முதல் தடவை, அதுவும் குருவியாக (பிறருக்காகத் தங்கத்தைச் சுமந்து) வந்தவர். அவர் மீதும் போடலாமா?

போடலாம். கடத்துவது மட்டுமல்ல, கடத்தலுக்குத் துணை போவது, கடத்தல் பொருளை ஏற்றிச் செல்வது, மறைப்பது, வைத்திருப்பது, வாங்கி விற்பது, கடத்துபவருக்கு இடம் கொடுப்பது எல்லாமே 3(1) பிரிவில் வருகின்றன. ஒரே ஒரு சம்பவம் போதாது என்பது பரவலான தப்பெண்ணம். அது நடந்த விதம் முன்திட்டத்தையும் வலைப்பின்னலையும் காட்டினால் ஒரே சம்பவமும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, சரஸ்வதி சேஷகிரி வழக்கில், சொல்லிவிட்டது. ஆகவே “முதல் தடவை” என்ற வாதத்தை மட்டும் நம்பி மனுப் போடாதீர்கள். பேஸ்டாக உடலுக்குள் வைத்து வந்தது, மாதத்துக்கு நான்கு துபாய்ப் பயணம், டிக்கெட்டுக்கு வேறொருவர் பணம் கட்டியது என்றெல்லாம் காரணப் பட்டியலில் (ஏன் காவலில் வைக்கிறார்கள் என்று சொல்லும் தாளில்) இருந்தால், சம்பவம் ஒன்று என்பது பெரிதாக எடுபடாது.

அவர் கடத்தவில்லை என்று நிரூபித்தால் ஆணை ரத்தாகுமா?

நேரடியாக ஆகாது. குடும்பங்கள் மிக அதிகமாக ஏமாறும் இடம் இது. காவலை எதிர்த்துப் போடும் ஆட்கொணர்வு மனுவில் நீதிமன்றம் “தங்கம் இவருடையதா” என்று சாட்சி விசாரிப்பதில்லை. அதிகாரியின் திருப்திக்குப் பதிலாகத் தன் திருப்தியை வைப்பதும் இல்லை. பார்ப்பதெல்லாம் இதைத்தான்: திருப்தி அடைய ஆதாரம் இருந்ததா, முக்கியமான தாள் எதையும் பார்க்காமல் விட்டாரா, அரசியல் சட்டத்தின் 22(5) பிரிவு தரும் பாதுகாப்புகள் (காரணத்தைத் தெரிவிப்பது, முறையிட வாய்ப்புத் தருவது) கிடைத்தனவா. அதனால் ஜெயிக்கிற மனு பெரும்பாலும் தேதிகளிலும் தாள்களிலும் மொழியிலும்தான் ஜெயிக்கிறது. கேட்பதற்கு ‘டெக்னிக்கல்’ என்று தோன்றும். ஆனால் விசாரணையே இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கும்போது, நடைமுறை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சிய பாதுகாப்பு. அதனால்தான் 1980-இல் இச்சு தேவி வழக்கில், எல்லா நடைமுறையும் பின்பற்றப்பட்டது என்று காட்டும் பொறுப்பு அரசின் தலையில்தான் என்றது உச்ச நீதிமன்றம். மனுவில் ஒரு காரணத்தை எழுத விட்டுப்போனது என்பதற்காக இதில் கதவைச் சாத்த மாட்டார்கள்.

கையில் ஆணை கிடைத்ததும் முதலில் என்ன செய்வது?

ஒரு தாளில் தேதி அட்டவணை போடுங்கள். மனு எழுதுவதெல்லாம் பிறகு. கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு:

ஜனவரி 6: பிடிபட்டார், தங்கம் கைப்பற்றப்பட்டது.
பிப்ரவரி 3: நிபந்தனை ஜாமீன். பாஸ்போர்ட் நீதிமன்றத்தில்.
மே 20: காஃபிபோசா ஆணை. (பிடிபட்டதிலிருந்து 134 நாள்.)
ஆகஸ்ட் 28: ஆணைப்படி காவலில் எடுத்தார்கள். (ஆணையிலிருந்து 100 நாள்.)
ஆகஸ்ட் 30: காரணங்களும் ஆவணக் கட்டும் கொடுத்தார்கள்.
செப்டம்பர் 9: ஆணையைத் திரும்பப் பெறக் கேட்டு, சிறைக் கண்காணிப்பாளர் வழியாக முறையீடு.
அக்டோபர் 21: முறையீடு நிராகரிப்பு. (42 நாள்.)

இந்த ஒரு தாளிலேயே மூன்று வாதங்கள் நிற்கின்றன: ஆணை போடத் தாமதம், ஆணையை அமல்படுத்தத் தாமதம், முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம். கூடவே, ஜாமீன் நிபந்தனையும் பாஸ்போர்ட்டும் சேர்ந்து நான்காவது.

அரசு தவறவிடக் கூடாத தேதிகளையும் இதன் பக்கத்தில் எழுதுங்கள். காரணங்களைக் காவலில் எடுத்த 5 நாளுக்குள் தர வேண்டும். விதிவிலக்கான சூழலில், காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் 15 நாள் வரை போகலாம். 5 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு (காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் குழு) அனுப்ப வேண்டும், நம் எடுத்துக்காட்டில் அது அக்டோபர் 2. காவல் தொடங்கிய 11 வாரத்துக்குள் கழகம் தன் கருத்தைத் தர வேண்டும், அதாவது நவம்பர் 13. எல்லாக் கணக்கும் உண்மையில் காவலில் எடுத்த நாளிலிருந்துதான், ஆணையில் உள்ள தேதியிலிருந்து அல்ல. இந்த இடத்தில் எண்ணிக்கை பிழைத்து மனுவை வீணாக்குபவர்கள் உண்டு. மாநில அரசு போட்ட ஆணையானால், 10 நாளுக்குள் மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்பினார்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டைக் கொடுத்தபோது வாங்கிய கையெழுத்தின் கீழே அவர் தேதியும் நேரமும் எழுதினாரா என்று கேளுங்கள். எழுதவில்லை என்றால், சிறைப் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் உண்மையாகிவிடும்.

அந்தத் தடித்த ஆவணக் கட்டில் எதைத் தேடுவது?

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருவர் உட்கார்ந்து புரட்ட வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. காரணப் பட்டியலில் குறிப்பிட்ட ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே கட்டில் அது எந்தப் பக்கம் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பட்டியலில் பேர் இருந்து கட்டில் தாள் இல்லை என்றால், அதைத்தான் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

அதிகாரி நம்பிய ஆவணம் ஒவ்வொன்றும் காரணத்தின் ஒரு பகுதிதான். அதைத் தராவிட்டால் காரணத்தையே தராதது போல. 2024 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கேரளத்தைச் சேர்ந்த ஒரு காஃபிபோசா ஆணையை ரத்து செய்தது. நம்பப்பட்ட சாட்சி ஒருவரின் வாக்குமூலம் கொடுக்கப்படவில்லை என்பது அதன் இரண்டு காரணங்களில் ஒன்று. வேறு ஏராளமான ஆவணம் இருந்ததே என்ற அரசின் பதில் அங்கே எடுபடவில்லை.

ஆனால் எல்லாத் தாளும் ஒன்றல்ல. காரணத்தைச் சொல்லும்போது போகிற போக்கில் குறிப்பிட்ட ஆவணம் வேறு, நம்பி முடிவெடுத்த ஆவணம் வேறு. முன்னதைத் தராவிட்டால், அதனால் முறையீடு எழுதுவதில் என்ன நஷ்டம் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஜாமீன் மனுவும் ஜாமீன் உத்தரவும் இந்த எல்லையில் நிற்கும் தாள்கள். அவர் ஏற்கெனவே ஜாமீனில் வெளியே இருந்தால், அவை பெரும்பாலும் முக்கிய ஆவணமாகிவிடுகின்றன.

படிக்க முடியாத நகலும் கொடுக்காத நகலும் ஒன்றே. மகஜரின் (தங்கத்தைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவின்) மூன்றாம் கார்பன் நகலை ஜெராக்ஸ் எடுத்து, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, கடைசியில் சாம்பல் நிறத் தாளாக வந்திருக்கும். அந்தப் பக்க எண்களை எல்லாம் குறித்து, தெளிவான நகல் வேண்டும் என்று உடனே எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் விட்டு நீதிமன்றத்தில் மட்டும் சொன்னால் வாதம் இளைத்துவிடும். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த ஓர் ஆணையின் கட்டில் சீன மொழி ஆவணங்கள் படிக்க முடியாத நிலையில் இருந்தன.

வாட்ஸ்அப் பதிவு, சிசிடிவி காட்சி எல்லாம் பென் டிரைவில் வந்தால், சிறைக்குள் அதைப் போட்டுப் பார்க்க வசதி செய்து கொடுத்தார்களா, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பென் டிரைவைக் கையில் கொடுத்துவிட்டு “கொடுத்தாயிற்று” என்றால் ஆகாது.

அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஆங்கிலக் கட்டைக் கொடுத்து, வாய்மொழியாகத் தமிழில் சொன்னதாக எழுதியிருக்கிறார்களே?

வாய்மொழி விளக்கம் போதாது. அவருக்குத் தெரிந்த மொழியில் எழுத்தில் தர வேண்டும். 1980-இல் லல்லுபாய் வழக்கில் குஜராத்தியில் வாயால் விளக்கியது போதாது என்றார்கள். 2025 மார்ச்சிலும் நாகாலாந்து தொடர்பான போதைப்பொருள் தடுப்புக்காவல் வழக்கில் அதையே திருப்பிச் சொன்னார்கள். காரணப் பட்டியலுக்கு மட்டுமல்ல, நம்பிய ஆவணங்களுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே இதற்குப் போதும்: 1999-இல் பவானம்மாள் வழக்கில், ஆங்கிலத்தில் இருந்த ரிமாண்டு உத்தரவின் தமிழாக்கம் தரவில்லை என்பதற்காகவே ஆணை ரத்தானது.

அரசின் வழக்கமான பதில் தெரிந்ததுதான்: “மகஜரில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே!” கையெழுத்துப் போடத் தெரிவதாலேயே ஆங்கிலம் தெரியும் என்று கொள்ள முடியாது என்று 1980-லேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அவரே தன் கைப்பட ஆங்கிலத்தில் வாக்குமூலம் எழுதியிருந்தாலோ, பட்டதாரியாக இருந்தாலோ இந்த வாதத்தை எடுக்காதீர்கள். மற்ற நல்ல வாதங்களின் மதிப்பும் இதனால் குறையும்.

மொழிபெயர்ப்பு இருந்தாலும் ஒப்பிட்டுப் படியுங்கள். ஆங்கிலத்தில் “ஜாமீன் மனு நிலுவையில்” என்றும் தமிழில் “தள்ளுபடி” என்றும் இருந்தால், அவர் எதை நம்பி முறையீடு எழுதுவார்?

ஏற்கெனவே சிறையில் இருப்பவருக்கு எதற்குத் தடுப்புக்காவல்?

நல்ல கேள்வி, நீதிமன்றமும் இதைத்தான் கேட்கிறது. உள்ளே இருப்பவர் மீதும் ஆணை போடலாம். ஆனால் மூன்று விஷயம் காரணப் பட்டியலில் தெரிய வேண்டும்: அவர் உள்ளே இருப்பது அதிகாரிக்குத் தெரியும், ஜாமீனில் வெளியே வரும் உண்மையான வாய்ப்பு இருக்கிறது என்று நம்ப ஆதாரம் இருக்கிறது, வந்தால் மறுபடி ஈடுபடுவார். ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாத நிலையில் “வெளியே வரக்கூடும்” என்று வெறுமனே எழுதினால் செல்லாது என்றது 2011-இல் வந்த ரேகா எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு. அதே போன்ற வழக்கில் உடன் குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் கிடைத்தது என்று விவரத்தோடு சொல்லியிருந்தால் கதை வேறு.

மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019-இல் மும்பை வழக்கு ஒன்றில், மூவாயிரம் கிலோவுக்கு மேல் தங்கம் கடத்தியதாகக் குற்றச்சாட்டு. ஆவணங்களை ஆணையோடு சேர்த்துத் தரவில்லை, ஜாமீன் வாய்ப்பு பற்றித் திருப்தி இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. ஐந்து நாள் கெடுவுக்குள் தந்தால் போதும், அதிகாரி தன் திருப்தியைப் பதிவு செய்திருக்கிறார், அதற்கு மேல் தோண்ட வேண்டியதில்லை என்றார்கள். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தவுடன் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட முடியாது என்பதற்கு இந்த வழக்கைத்தான் காட்ட வேண்டும்.

ஜாமீனில் வெளியே இருந்தவருக்கு? பாஸ்போர்ட்டும் வாங்கி வைத்திருக்கிறார்களே?

இப்போதைக்கு இதுதான் கையில் உள்ள வலுவான வாதங்களில் ஒன்று. 2025 மார்ச் 6 அன்று வந்த தங்கக் கடத்தல் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நீதித்துறை நடுவர் நிபந்தனைகளோடு ஜாமீன் கொடுத்திருக்கிறார், அந்த நிபந்தனைகளே அவரைத் தடுக்கப் போதுமா என்று ஆணை போட்டவர் யோசிக்கவே இல்லை, ஆகவே ரத்து. ஜாமீன் உத்தரவை அதிகாரி பார்த்தார் என்பது மட்டும் போதாது, நிபந்தனைகளை எடைபோட்டதற்குத் தாளில் அடையாளம் வேண்டும்.

பாஸ்போர்ட் இல்லாதவர் எப்படி வெளிநாடு போய்க் கடத்துவார் என்ற வாதம் ராஜேஷ் குலாட்டி (2002), சென்னையிலிருந்து போன கிமிக் பியோட்டர் (2010) வழக்குகளில் எடுபட்டது. அந்த இருவரும் தாமே கொண்டு போகிறவர்கள் என்ற அடிப்படையில் பிடிபட்டவர்கள். வீட்டில் உட்கார்ந்து குருவிகளை அனுப்புபவர், கடலில் கைமாறும் தங்கத்தைக் கரையில் வாங்குபவர் என்று குற்றச்சாட்டு இருந்தால் பாஸ்போர்ட் வாதம் கரையேறாது.

வாக்குமூலத்தை மறுத்துக் கடிதம் அனுப்பியிருந்தோம். காரணப் பட்டியலில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சுங்கச் சட்டம் 108-ஆம் பிரிவில் வாங்கிய வாக்குமூலத்தை மிரட்டி வாங்கினார்கள் என்று பின்னால் மறுத்திருந்தால், அந்த மறுப்பு ஆணை போட்டவர் முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும். 1978-இல் ஆஷாதேவி வழக்கில் இதற்காகவே ஆணை செல்லாது என்றார்கள். பிறகு நிலை கொஞ்சம் இறுகிவிட்டது. காஃபிபோசாவின் 5ஏ பிரிவின்படி ஒரு காரணம் விழுந்தாலும் மற்றவை நிற்கும் என்பதால், வாக்குமூலம் போனாலும் கைப்பற்றிய தங்கம் இருக்கிறதே என்று அரசு சொல்லும். ஆணை முழுக்க வாக்குமூலத்தின் மேலேயே நிற்கிறது என்றால் மட்டும் இதை முதல் வாதமாக வையுங்கள். மறுப்பு எந்தத் தேதியில், யாருக்கு, எந்த வழியில் போனது, ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா என்பதெல்லாம் கையில் இருக்க வேண்டும்.

எத்தனை நாள் தாமதம் என்றால் ஆணை ரத்தாகும்?

எண் கிடையாது. தாமதத்தின் நீளத்தைவிட அதற்கான விளக்கமே முக்கியம். நான்கு மாதம் ஆகியும் அழைப்பாணை, ஆய்வக அறிக்கை, செல்பேசிப் பரிசோதனை என்று ஒவ்வொரு வாரத்துக்கும் அரசு கணக்குச் சொன்னால் ஆணை நிற்கும். முறையீட்டில் ஒரு வாரத்துக்கும் குறைவான தாமதமே ஆணையைக் கவிழ்த்ததும் உண்டு: 1998-இல் ராஜம்மாள் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் அமைச்சர் ஊரில் இல்லை என்பது விளக்கமாகாது என்றார்கள்.

ஆணையை அமல்படுத்தத் தாமதம் என்றால் கேள்வி கூர்மையாகிறது. அவ்வளவு ஆபத்தானவர் என்று எழுதிவிட்டு, பல மாதம் ஏன் வெளியே விட்டு வைத்தீர்கள்? ஒவ்வொரு திங்களும் சுங்க அலுவலகத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட வந்துகொண்டிருந்தவரைத் “தேடியும் கிடைக்கவில்லை” என்று பதில் மனு சொன்னால், அந்தக் கையெழுத்துப் பதிவேட்டின் நகல்தான் உங்கள் முதல் ஆவணம். உண்மையிலேயே தலைமறைவாக இருந்தவருக்கு இந்த வாதம் இல்லை.

அரசின் பதில் மனுவில் கோப்பு எந்தத் தேதியில் எந்த மேசையில் இருந்தது என்று ஒரு பட்டியல் வரும். அதில் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களைக் கழித்து, மிச்சம் உள்ள விளக்கமில்லாத நாட்களை எண்ணிச் சொல்லுங்கள். விடுமுறையையும் சேர்த்து எண்ணிச் சொன்னால் அரசு வழக்கறிஞருக்கு அதுவே பிடி.

முறையீட்டை யாருக்கு அனுப்ப வேண்டும்? எப்படி?

ஆணை போட்ட அதிகாரிக்கு, மத்திய அரசுக்கு, அறிவுரைக் கழகத்துக்கு என்று தனித்தனியாக. மாநில அதிகாரியின் ஆணை என்றால் மாநில அரசுக்கும். ஆணை போட்ட அதிகாரிக்கே முறையிடும் உரிமை உண்டு என்பதை அவர் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்று 1995-இல் கமலேஷ்குமார் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. காரணப் பட்டியலின் கடைசிப் பத்திகளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அதிகாரி அறிவுரைக் கழகத்தின் கருத்து வரட்டும் என்று முறையீட்டை நிறுத்தி வைக்கவும் கூடாது. 2020 மார்ச்சில் தங்கக் கடத்தல் வழக்கு ஒன்றில் இதற்காகவே ஆணை போனது.

முறையீட்டில் எல்லா வாதத்தையும் கொட்ட வேண்டியதில்லை. விட்டுப்போன ஆவணம், படிக்க முடியாத பக்கம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைக் கேட்டு, ஆணையைத் திரும்பப் பெறச் சொல்லி இரண்டு மூன்று பக்கத்தில் முடியுங்கள். சிறை வழியாகக் கொடுத்தால் கண்காணிப்பாளரின் முத்திரையோடு நகல் வாங்குங்கள். வெளியிலிருந்து வழக்கறிஞர் மூலமாகப் பதிவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அதையே அனுப்புங்கள். மேலே சொன்ன 2024 செப்டம்பர் தீர்ப்பின் இரண்டாவது காரணம் இதுதான்: சிறை நிர்வாகம் முறையீட்டைச் சாதாரணத் தபாலில் போட்டது, அது போய்ச் சேரவே இல்லை, ஏறத்தாழ ஒன்பது மாதம் கழித்துத்தான் பதில் வந்தது. முத்திரை போட்ட நகல் கையில் இருந்தால் அந்தத் தாமதம் முழுவதும் அரசின் கணக்கில் ஏறும். இல்லாவிட்டால் “கொடுத்தேன்”, “வரவில்லை” என்ற வாய்ச்சண்டைதான்.

அறிவுரைக் கழகத்தில் வழக்கறிஞர் வரலாமா?

உரிமையாகக் கேட்க முடியாது, 8(இ) பிரிவு தடுக்கிறது. அரசுத் தரப்பில் சட்ட ஆலோசகர் வந்தால் இவருக்கும் அந்த வாய்ப்பு வேண்டும். வழக்கறிஞர் அல்லாத நண்பர் ஒருவரை உதவிக்குக் கேட்கலாம். கழகத்தில் தலைவரும் இரு உறுப்பினரும் இருப்பார்கள். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர், இருந்தவர், அல்லது அத்தகுதி உள்ளவர்களே அதில் உட்காரலாம். காவலுக்குப் போதிய காரணம் இல்லை என்று கழகம் சொன்னால், அரசு ஆணையை ரத்து செய்து உடனே விட்டாக வேண்டும். காரணம் இருக்கிறது என்று சொன்னால் அரசு உறுதி செய்யலாம், செய்யாமலும் விடலாம். அவர் நேரில் பேசும் சில நிமிடங்களுக்கு அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆட்கொணர்வு மனுவை யார், எங்கே போடுவது?

மனைவி, பெற்றோர், உடன்பிறந்தார், நண்பர் யார் வேண்டுமானாலும் பிரமாணப் பத்திரத்தோடு போடலாம். அரசியல் சட்டம் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம், 32-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றம். நடைமுறையில் முதலில் உயர் நீதிமன்றம்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வு இதை விசாரிக்கிறது. ஆணை போட்டவர், மத்திய அரசு, மாநில ஆணையானால் மாநில அரசு, முன்மொழிந்த துறை, சிறைக் கண்காணிப்பாளர் எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். யாரிடம் தாமதம் நிகழ்ந்ததோ அவர் விட்டுப்போனால் விளக்கம் கேட்க ஆளில்லாமல் போகும்.

அறிவுரைக் கழகம் முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அதே நேரம் முறையீடு கொடுக்காமல் ஓடி வந்தால் பாதி வாதம் உருவாகவே உருவாகாது. முறையீடு கொடுத்துவிட்டு மனுவைப் போடுங்கள். புதிதாக வரும் தாமதத்தைக் கூடுதல் பிரமாணப் பத்திரமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மனு தள்ளுபடியானாலும் புதிய காரணம் இருந்தால் இரண்டாவது மனு போடத் தடை இல்லை.

இன்னும் பிடிக்கவில்லை, ஆணை இருப்பது மட்டும் தெரியும். இப்போதே எதிர்க்கலாமா?

அரிதாகவே முடியும். உச்ச நீதிமன்றத்தின் அல்கா சுபாஷ் காடியா வழக்கு ஐந்து வாசல்களைத் திறந்து வைத்தது: சொல்லப்பட்ட சட்டத்தின் கீழ் போடப்படாதது, வேறு ஆள் மீது அமலாகப் போவது, தவறான நோக்கம், தெளிவற்ற அல்லது தொடர்பற்ற காரணங்கள், அதிகாரமே இல்லாதவர் போட்டது. இந்த ஐந்து எடுத்துக்காட்டுகளே, முழுப் பட்டியல் அல்ல என்று 2008-இல் தீபக் பஜாஜ் வழக்கு சொன்னாலும், காரணத் தாள் கையில் இல்லாமல் வாதாடுவது இருட்டில் கல்லெறிவதுதான். ஒளிந்திருந்தால் 7-ஆம் பிரிவின்படி சொத்து முடக்கம் வரை போகும்.

ஓராண்டுதானே, பேசாமல் கழித்துவிடலாமே?

தயவுசெய்து அப்படி முடிவெடுக்காதீர்கள். காஃபிபோசா ஆணை நின்றுவிட்டால், 1976-ஆம் ஆண்டின் ‘சஃபேமா’ என்ற சொத்துப் பறிமுதல் சட்டம் பின்னாலேயே வருகிறது. அதில் அவர் மட்டுமல்ல, மனைவி, உடன்பிறந்தார், வாரிசுகள் பெயரில் உள்ள சொத்துக்கும், வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு நோட்டீஸ் அனுப்பலாம். அவரோடு தொடர்பில்லாத சம்பாத்தியம் என்று காட்ட வேண்டிய சுமை அவர்கள் மேல் விழும். ஆணையை நீதிமன்றம் ரத்து செய்திருந்தாலோ, அறிவுரைக் கழகத்தின் கருத்தால் அரசு திரும்பப் பெற்றிருந்தாலோ, அந்த ஆணையைக் காட்டி சஃபேமாவைக் கொண்டுவர முடியாது. காவலில் இருந்தபோது எதிர்க்காமல் விட்டவர், எதிர்த்துத் தோற்றவர், பின்னால் சொத்து நோட்டீஸ் வந்தபின் ஆணையைக் கேள்வி கேட்க முடியாது என்று 1994-இல் அம்ருத்லால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்த்துவிட்டது. அந்த ஓராண்டை ‘கழித்துவிடலாம்’ என்று இருந்தவர்களின் பிள்ளைகள் பத்து வருடம் கழித்து வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைய நேரும்.

ஆணை ரத்தானால் தங்கம் திரும்பக் கிடைக்குமா? வழக்கு முடியுமா?

இல்லை. பறிமுதல், அபராதம், 135-ஆம் பிரிவு வழக்கு எல்லாம் தனிப் பாதையில் தொடரும். அதில் ஜாமீன் வாங்கவில்லை என்றால் ரத்தான அன்றும் வீட்டுக்கு வர முடியாது. ஆகவே இரண்டையும் ஒன்றாக நடத்துங்கள்.

ரத்தான பிறகு மறுபடி ஆணை போடுவார்களா?

போடலாம், ஆனால் பழைய சம்பவத்தையே புதுத் தாளில் எழுதிக் கொடுக்க முடியாது. புதிய உண்மைகள் வேண்டும். நீதிமன்றம் ரத்து செய்த ஆணையின் காரணங்களை அதோடு சேர்த்து எண்ணவும் கூடாது. ஆகவே தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பழைய ஆணையின் காரணப் பட்டியலையும் கூடவே வையுங்கள். அடுத்த ஆணை வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கறிஞருக்கு முதல் வேலை.